வண்டல் மண் சொல்லும் உண்மை: கன உலோகங்களைத் தெரிந்துகொள்வோம்



போன மாதம் கிளியனூரில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் வசூல், தீர்மானம் எல்லாம் எழுதி கையெழுத்தும் வாங்கியாச்சு. கிளம்பும் நேரத்தில் ஒரு அக்கா புது விஷயம் ஒன்றைச் சொன்னார். ஓடைக்கரையில் அவருக்கு அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. பயிர் வைக்காமல் சும்மா கிடக்கிறது. வெளியூர் வியாபாரி ஒருவர் அதை மாதம் எட்டாயிரம் ரூபாய்க்கு வாடகைக்குக் கேட்கிறாராம். பழைய வண்டி பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி எடுக்கும் வேலை. குழுப் பெண்கள் ஆறு பேருக்குத் தினம் ஐந்நூறு ரூபாய் கூலி தருவதாகவும் சொல்லியிருக்கிறார்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "வீட்டுப் பக்கத்திலேயே வேலை, யாரு குடுப்பா?" என்றார்கள் சிலர். "அந்தப் புகை ஆகாது" என்றார்கள் சிலர். அப்போது ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார்: "ஓடையில தண்ணி ஓடுறதே மூணு மாசம்தான். அழுக்கு கலந்தாலும் மழையில அடிச்சிக்கிட்டு கழுவெளிக்குப் போயிடும். நமக்கு இன்னா மேடம் கெடுதல்?"

நல்ல கேள்வி. ஆனால் இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பாடம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும்படி குழுவில் வைத்துப் படியுங்கள்.

கன உலோகம் என்றால் என்ன?

காரீயம், பாதரசம், காட்மியம், குரோமியம், நிக்கல், செம்பு, துத்தநாகம் போன்றவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். ஆர்சனிக்கையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துத்தான் பேசுவார்கள். இவற்றில் செம்பும் துத்தநாகமும் நம் உடம்புக்கும் பயிருக்கும் கொஞ்சம் தேவை. அளவு மீறினால்தான் கெடுதல். காரீயம், பாதரசம், காட்மியம் மூன்றும் உடம்புக்கு எந்த விதத்திலும் தேவையில்லை.

இவற்றுக்கு ஒரு குணம் உண்டு. சாணி மக்கும், இலை மக்கும், பல பூச்சிமருந்துகள்கூட நாளடைவில் சிதைந்துவிடும். உலோகம் சிதையாது. எரித்தாலும் புகையில் போய் வேறு இடத்தில் விழும். புதைத்தாலும் மண்ணிலேயே இருக்கும். இடம் மாறும், உருவம் மாறும், ஆனால் இல்லாமல் போகாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதிப் பாடம் சுலபம்.

மண்ணில் உலோகம் இயற்கையாகவே இருக்கிறதே?

ஆமாம், இருக்கிறது. மண் என்பதே பாறை உடைந்து வந்ததுதான். வெயிலிலும் மழையிலும் பாறை நைந்து மண்ணாகிறது. மழைத் தண்ணீர் அதைக் கரைத்து ஓடையில் சேர்க்கிறது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைப் பார்த்திருப்பீர்கள். எத்தனையோ லட்சம் வருடங்களுக்கு முன் ஆறு கொண்டு வந்து சேர்த்த மணலுக்குள் புதைந்த மரங்கள் அவை. ஓடையும் ஆறும் மண்ணைச் சுமந்து வந்து அடுக்கடுக்காகப் போடுவது அன்றிலிருந்து இன்று வரை நடக்கும் வேலை.

அப்படி வரும் மண்ணில் எந்தெந்த உலோகம் எவ்வளவு இருப்பது சாதாரணம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். டுரேக்கியன், வெடிபோல் என்ற இரண்டு புவியியல் அறிஞர்கள் 1961-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். களிமண் இறுகி உண்டான பாறைகளில் உலக சராசரியாக ஒரு டன்னுக்கு காரீயம் 20 கிராம், குரோமியம் 90 கிராம், பாதரசம் 0.4 கிராம், காட்மியம் 0.3 கிராம் என்று அதில் இருக்கிறது. ஆய்வு அறிக்கைகளில் 'பிபிஎம்' என்று போட்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம். ஒரு பிபிஎம் என்றால் ஒரு டன் மண்ணில் ஒரு கிராம், அவ்வளவுதான்.

ஆகவே, 'மண்ணில் காரீயம் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் உடனே பதற வேண்டியதில்லை. எவ்வளவு இருக்கிறது, இந்த ஊர்ப் பாறையிலிருந்து வந்ததா, மனிதர் கொண்டு வந்து கொட்டியதா என்று கேட்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கும் படிப்புக்குப் புவி வேதியியல் என்று பெயர்.

தண்ணீர் போய்விடும், வண்டல் தங்கிவிடும்

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். தண்ணீர் ஓடிவிடும் என்பது சரி. ஆனால் உலோகம் தண்ணீரோடு முழுதாக ஓடிவிடுவதில்லை.

வண்டலில் இருக்கும் களிமண் துகள் மிக மிகச் சிறியது. ஒரு கை மணலை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கை களியை எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஒன்றாக இருந்தாலும் களியில் துகள்களின் எண்ணிக்கை பல மடங்கு அதிகம், அதனால் ஒட்டிக்கொள்ள இடமும் அதிகம். களித் துகளின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகத்துக்கு நேர் மின்னூட்டம் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். துகளின் மேல் படிந்திருக்கும் இரும்புத் துருவும், மக்கிய இலைதழையும் உலோகத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். செம்மண் பட்ட வெள்ளைப் புடவையை எத்தனை முறை அலசினாலும் காவி நிறம் போகாமல் நிற்கிறதே, அந்த மாதிரி.

இப்படி உலோகத்தைப் பிடித்துக்கொண்ட களி, தண்ணீர் வேகம் குறையும் இடத்தில் அடியில் படியும். மதகு ஓரம், ஏரியின் அடிப்பகுதி, ஓடை வளைவு, கடைசியில் கழுவெளி. அதனால்தான் தண்ணீரைச் சோதித்தால் 'சுத்தம்' என்று வரும் இடத்தில்கூட, அடி மண்ணைச் சோதித்தால் வேறு கதை வரும். தண்ணீர் என்பது இன்றைக்குக் கையில் இருக்கும் ரொக்கம் மாதிரி. வண்டல் என்பது பாஸ்புக். இதுவரை போட்டது எடுத்தது எல்லாம் அதில் வரிசையாகப் பதிந்திருக்கும். அடியில் பழைய வருடம், மேலே புது வருடம். ஆராய்ச்சியாளர்கள் குழாயை ஏரி அடியில் இறக்கி, மண்ணை அப்படியே உருவி எடுத்து, அடுக்கடுக்காகச் சோதித்து எந்தக் காலத்திலிருந்து கெடுதல் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறார்கள்.

பூட்டியது திறக்குமா?

"மண்ணுல ஒட்டிக்கிச்சுன்னா நல்லதுதானே? அங்கேயே கிடக்கட்டும்" என்று கேட்கலாம். சில நேரம் அப்படியே கிடக்கும். ஆனால் பூட்டைத் திறக்கும் சாவிகள் உண்டு.

1. புளிப்பு: அமிலம் பட்டால் பிடி விட்டுப்போகும். பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். பேட்டரியை உடைத்து அமிலத்தைத் தரையில் கொட்டினால் உலோகமும் வருகிறது, அதைக் கரைத்து நகர்த்தும் புளிப்பும் கூடவே வருகிறது.

2. உப்பு: நம் பகுதிக்கு இது முக்கியம். நல்ல தண்ணீர் ஓடை உப்புத் தண்ணீரைச் சந்திக்கும் இடத்தில், பாலில் மோர் விட்டால் திரிவது போல, கலங்கலில் மிதந்து வந்த களி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் இறங்கும். அதோடு உலோகமும் இறங்கும். இன்னொரு பக்கம், காட்மியம் போன்ற சில உலோகங்கள் உப்புத் தண்ணீர் பட்டதும் களியை விட்டு மறுபடி தண்ணீருக்கு வந்துவிடும்.

3. காற்று: கழுவெளிச் சேற்றில் கால் வைத்தால் உள்ளே கறுப்பாக இருக்கும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். அங்கே காற்று நுழையாது. கந்தகமும் உலோகமும் சேர்ந்து கரையாத பொருளாகக் கட்டுண்டு கிடக்கும். அந்தச் சேற்றை வாரி வெளியே போட்டு, காற்றும் வெயிலும் பட்டால் கட்டு அவிழும். புளிப்பு உண்டாகும், உலோகம் வெளியே வரும்.

மூன்றாவது சாவியை ஏரி தூர்வாரும் வேலைக்குப் போனவர்கள் நினைவில் வையுங்கள். ஏரி வண்டல் நல்ல உரம். நம் பாட்டன் காலத்திலிருந்து வண்டி வண்டியாக அள்ளி வயலுக்கு அடித்திருக்கிறோம். சுத்தமான ஏரியின் வண்டலை இன்றும் தாராளமாக அடிக்கலாம். ஆனால் மேலே பட்டறைக் கழிவு கலந்த ஏரி என்றால், நாமே கூலி கொடுத்து விஷத்தை வயலுக்கு ஏற்றிய கதையாகிவிடும்.

பாலாறு சொல்லும் பாடம்

என் அம்மா பிறந்த ஊர் ஆம்பூர் பக்கம். சின்ன வயதில் லீவுக்குப் போவேன். ஆயா வீட்டுக் கிணறு ஆழமாக, படி வைத்துக் கட்டியது. ஆனால் அதில் இறைத்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடுவோம். "இந்தக் கிணத்துல சோறு வடிச்ச காலம் உண்டு" என்று ஆயா சொல்லும்போது எனக்குப் புரியவில்லை. சமூகப்பணி படிக்கும்போதுதான் முழுக் கதையும் தெரிந்தது.

பாலாறு கர்நாடகாவில் நந்தி மலைப் பகுதியில் தொடங்கி, ஆந்திரா வழியாக நம் மாநிலத்துக்கு வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை எல்லாம் கடந்து, கல்பாக்கம் அருகே கடலில் சேருகிறது. நம் மரக்காணத்துக்கு வடக்கே இதே கடற்கரைதான். அந்த ஆற்றின் கரைகளில் தோல் பதனிடும் தொழில் பெரிதாக வளர்ந்தது. முன்பு ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளைப் போட்டுத் தோலைப் பதனிட்டார்கள். பிறகு சீக்கிரம் வேலை முடிய குரோமிய உப்பு வந்தது. போடுகிற குரோமியம் முழுவதையும் தோல் உறிஞ்சாது. மிச்சம் கழிவுத் தண்ணீரில் போகும். அது ஆற்று மணலிலும், ஏரி வண்டலிலும், கிணற்றிலும் சேர்ந்தது.

குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. தோல் பதனிடப் பயன்படும் மூன்றாம் நிலைக் குரோமியம் அவ்வளவாகக் கரையாது, விஷமும் குறைவு. ஆறாம் நிலைக் குரோமியம் தண்ணீரில் எளிதாகக் கரையும், தோலைப் புண்ணாக்கும், மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டு போகும். மண்ணில் இருக்கும் மாங்கனீசுத் தாது முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றக்கூடியது. கொட்டும்போது ஒன்று, சில காலம் கழித்து வேறொன்று. அதனால்தான் 'நாங்கள் போடுவது விஷமில்லாத ரகம்' என்ற பேச்சை அப்படியே நம்பக் கூடாது.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் கொஞ்சமோ முழுதுமோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதை, வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கை வைத்து அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கும் அதில் இருக்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்கு மைல் கணக்கில் நடக்க வேண்டியிருந்ததையும் தீர்ப்பு குறிப்பிட்டது. யார் கெடுத்தாலும் சுமை கடைசியில் யார் இடுப்பில் ஏறுகிறது என்று பாருங்கள்.

அந்தத் தீர்ப்பு இரண்டு விதிகளை நாட்டின் சட்டமாக்கியது. ஒன்று, கெடுத்தவரே செலவு தர வேண்டும். இரண்டு, கெடுதல் வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணம் வரும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். தன் தொழிலால் கெடுதல் இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. நம் கிராமசபையில் பேசும்போது இந்த மூன்றாவது விஷயம் மிகவும் உதவும்.

தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1990-களில் மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன் அளவுக்குக் குரோமியக் கழிவைக் குவியலாக விட்டுப் போனது. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகில் மிகவும் மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. 2015 ஜனவரி 31-ஆம் தேதி அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுக் கசடு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு வழக்கில் தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும், அதைக் கெடுத்தவர்களிடமிருந்து வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. 1991-லிருந்து 2025 வரை 34 வருடம். என் ஆயா இப்போது இல்லை. அந்தக் கிணறு இன்னும் மூடித்தான் கிடக்கிறது.

கொடைக்கானலும் மினமாட்டாவும்

அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இருந்த காய்ச்சல்மானி ஆலை ஒன்று 1980-களில் கொடைக்கானலுக்கு வந்தது. உடைந்த காய்ச்சல்மானிக் கண்ணாடியைப் பாதரசத்தோடு பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருந்ததை 2001 மார்ச்சில் ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. அப்போது அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்திடம் இருந்தது. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர் மலை இறங்கி சமவெளிக்குப் போகிறது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு 2016 மார்ச்சில்தான் சமரச ஒப்பந்தம் கிடைத்தது. அதுவும் பதினைந்து வருடம் போராடிய பிறகு.

பாதரசம் சேற்றில் போனால் இன்னொரு ஆபத்து. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதை மீதைல் பாதரசமாக மாற்றும். அதைச் சின்னப் புழு தின்னும், புழுவைச் சின்ன மீன் தின்னும், அதைப் பெரிய மீன் தின்னும். படிக்குப் படி அளவு ஏறிக்கொண்டே போகும். ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊரில் ஓர் ஆலை மீதைல் பாதரசம் கலந்த கழிவையே கடலில் விட்டது. 1956-இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. கை கால் நடுங்கியது, பார்வை சுருங்கியது. கர்ப்பத்தில் இருந்த குழந்தைகளும் தப்பவில்லை. அந்த வளைகுடாவில் படிந்த சேற்றை அப்புறப்படுத்த 1977 முதல் 1990 வரை ஆனது. அப்படிக் கையாண்ட சேறு சுமார் 15 லட்சம் கன மீட்டர். கொட்டும் வேலை சும்மா நடந்தது. அள்ளும் வேலைக்குப் பதிமூன்று வருடம் பிடித்தது.

காரீயம் நம் வீட்டுக்குள் வரும் வழி

பேட்டரி பட்டறையில் இருப்பது காரீயம். உருக்கும்போது புகையாகவும் தூசியாகவும் பறக்கும். வேலை செய்யும் பெண்ணின் புடவையில், கூந்தலில், கைகளில் ஒட்டி வீட்டுக்கு வரும். அந்தக் கையால் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவோம். தவழும் குழந்தை தரையில் கை வைத்து வாயில் வைக்கும்.

பெரியவர்களைவிடக் குழந்தைகளின் வயிறு காரீயத்தைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், படிப்பில் மந்தமாக்கும், ரத்தசோகை தரும். கண்ணுக்குத் தெரியும் நோயாக வராது. "இவன் சரியா படிக்க மாட்டேங்கிறான்" என்று பிள்ளையைத்தான் திட்டுவோம். காரீயம் எலும்பில் போய்த் தங்கும். பெண் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து குழந்தைக்குப் போகும், கூடவே காரீயமும் போகும். திருமணத்துக்கு முன் செய்த வேலையின் விஷம் பிறகு பிறக்கும் குழந்தைக்குச் சேரலாம். 'இந்த அளவு வரை காரீயம் பரவாயில்லை' என்று சொல்லும்படியான பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே? அது வெள்ளீயம், வேறு உலோகம். உண்மையான வெள்ளீயப் பாத்திரத்தால் பயமில்லை. ஆனால் விலை குறைவு என்று காரீயம் கலந்து செய்து விற்பவர்களும் உண்டு. புளி ஊற்றிக் கொதிக்க வைக்கும்போது, முன்பு சொன்ன புளிப்புச் சாவிதான் இங்கேயும் வேலை செய்யும். நம்பகமான கடையில் மட்டும் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

வண்டலை எப்படிச் சோதிப்பார்கள்?

விவசாயத் துறை தரும் மண் வள அட்டையில் சத்துகளும் புளிப்பு, உப்புத் தன்மையும் இருக்கும். துத்தநாகம், செம்பு, இரும்பு, மாங்கனீசும் இருக்கும். காரீயம், பாதரசம், காட்மியம், குரோமியம் இருக்காது. ஆகவே அட்டையில் 'நல்ல மண்' என்று வந்தாலும் இந்த விஷயத்தில் அது பதில் ஆகாது. தனியாகக் கேட்டுத்தான் சோதிக்க வேண்டும். யாராவது சோதிக்க வந்தால் சரியாகச் செய்கிறார்களா என்று நாமும் கவனிக்கலாம்.

• மூன்று இடத்தில் எடுக்க வேண்டும்: பட்டறைக்கு மேலே, பட்டறை ஓரம், பட்டறைக்குக் கீழே. மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் இருந்தால்தான் நடுவில் இருப்பது காரணம் என்று சொல்ல முடியும்.

• மணலை எடுக்கக் கூடாது. ஓரத்தில் படிந்த மெல்லிய வண்டலை, மேல் பகுதியில் நான்கைந்து சென்டிமீட்டர் மட்டும், பிளாஸ்டிக் கரண்டியால் எடுக்க வேண்டும். இரும்புக் கரண்டி கூடாது.

• ஒவ்வோர் இடத்திலும் நாலு பக்கம் எடுத்துக் கலந்து, புதுப் பாலித்தீன் பையில் போட்டு, இடமும் தேதியும் எழுத வேண்டும்.

• ஆய்வகத்தில் உலர்த்தி, மாவு சல்லடையைவிட மெல்லிய சல்லடையில் சலித்து, அமிலத்தில் கரைத்து, கருவியில் அளப்பார்கள்.

எண்கள் வந்த பிறகு இன்னொரு கணக்கு இருக்கிறது. 20 பேர் உள்ள குழுவின் மொத்தச் சேமிப்பையும் 12 பேர் உள்ள குழுவின் மொத்தச் சேமிப்பையும் அப்படியே ஒப்பிட்டால் தப்பு. தலைக்கு எவ்வளவு என்று பார்ப்போம் இல்லையா? அதே மாதிரி, களி அதிகமுள்ள மண்ணில் இயற்கையாகவே உலோகம் கூட இருக்கும். அதனால் களியில் நிறைய இருக்கும் அலுமினியத்தையோ இரும்பையோ தலைக்கணக்காக வைத்துக்கொண்டு, அதற்கு எத்தனை பங்கு காரீயம் என்று வகுத்துப் பார்ப்பார்கள். மேலே எடுத்த மண்ணைவிடக் கீழே எடுத்த மண்ணில் அந்தப் பங்கு பல மடங்கு என்றால், அது பாறை தந்தது அல்ல, மனிதர் தந்தது.

நம் ஓடை கெட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. கெடாமல் இருக்கும்போதே பேசுவோம் என்றுதான் சொல்கிறேன். நம் பகுதி ஓடைகளும் ஏரிக் கலங்கல்களும் ஒன்றிலிருந்து ஒன்று இறங்கிக் கழுவெளியில் சேருகின்றன. அங்கே இறால், நண்டு, மீன் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். கழுவெளியை 2021 டிசம்பரில் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. 'கழுவெளிக்குப் போயிடும்' என்றால் போய்த் தொலைந்துவிடும் என்று பொருள் இல்லை. நம் தட்டுக்குத் திரும்பி வரும் என்று பொருள்.

நாம் செய்யக்கூடியவை

1. பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். பேட்டரிக் கழிவுக்கு 2001-இலேயே விதிகள் வந்தன. இப்போது 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இருக்கின்றன. மறுசுழற்சி செய்பவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

2. செம்புக்காக வயர் எரிப்பதை, சர்க்யூட் பலகை எரிப்பதை ஏரிக்கரையில் அனுமதிக்காதீர்கள்.

3. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் சிலை போதும். பெயின்ட் அடித்த சிலை கரையும்போது பெயின்டில் உள்ளது வண்டலில் இறங்கும்.

4. உடைந்த காய்ச்சல்மானி, டியூப் லைட்டைக் குப்பையில் போட்டு எரிக்காதீர்கள். கீழே சிந்திய பாதரசத்தைக் கையால் தொடாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து மூடி போட்ட பாட்டிலில் வையுங்கள்.

5. சந்தேகமான பட்டறை வந்தால் ஊராட்சியிலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விழுப்புரம் மாவட்ட அலுவலகத்திலும் குழுத் தீர்மான நகலோடு மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். கிராமசபையில் தீர்மானமாக வையுங்கள்.

வியாபாரியிடம் கேட்க நான்கு கேள்விகள்

வேலையும் வருமானமும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எட்டாயிரம் ரூபாய் என்பது அந்த அக்காவுக்கு இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவு. ஆகவே 'வேண்டாம்' என்று முதலில் சொல்லாமல், இந்த நான்கையும் கேட்கச் சொன்னேன்.

பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா, நகல் தருவீர்களா? பேட்டரி அமிலம் எங்கே போகும்? உருக்கிய பிறகு மிஞ்சும் கசடை எங்கே கொண்டு போவீர்கள்? வேலை செய்யும் பெண்களுக்கு ரத்தப் பரிசோதனைச் செலவு யாருடையது?

அந்த அக்கா போனில் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்கே "அதெல்லாம் எதுக்கும்மா, ஓடைக்கரை ஒதுக்குப்புறமாத்தானே இருக்குது" என்று பதில் வந்ததாம். "ஒதுக்குப்புறமா இருக்கிறதாலதான் அந்த நிலத்தைக் கேட்டிருக்கான் மேடம்" என்று என்னிடம் சொன்னார். இன்னும் முடிவு எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் எடுப்பார்கள். அந்த நிலத்தில் மாட்டுத் தீவனப்புல் வைத்து, கறவை மாட்டுக்குக் கூட்டமைப்புக் கடன் வாங்கலாமா என்றும் அன்று பேசப் போகிறோம். அதில் எட்டாயிரம் வருமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். வராது என்றால் அதையும் மறைக்காமல் பேசுவோம்.

குழுவில் கலந்து பேச

• உங்கள் ஊர் ஓடை எங்கே தொடங்கி எங்கே போகிறது? தரையில் கோலமாவால் வரைபடம் போட்டு, வழியில் உள்ள பட்டறை, குப்பைமேடு, ஏரி, கிணறு எல்லாவற்றையும் குறியுங்கள்.

• கடைசியாக ஏரி வண்டலை வயலுக்கு அடித்தது எப்போது? அந்த ஏரிக்கு மேலே என்ன இருக்கிறது?

• பழைய பேட்டரிகள் உங்கள் தெருவிலிருந்து யாரிடம் போகின்றன?

• தண்ணீர் சுத்தமாகத் தெரிந்தாலும் வண்டல் ஏன் கெட்டிருக்கலாம்? கூட்டத்துக்கு வராத ஓர் உறுப்பினருக்கு உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லிப் பாருங்கள்.

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் நான் வரும்போது அந்த வரைபடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.